மழையிலும் தெரிகிற நட்சத்திரம்

அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு நட்சத்திரம் இருந்தது. மற்ற கல்லூரிகளில் விளையாட்டு மைதானம் இருக்கும், நூலகம் இருக்கும், ஒன்றுமில்லாவிட்டால் நிழலுக்கு நாலு மரமாவது இருக்கும். இங்கே மைதானத்தில் முதல்வரிலிருந்து எழுத்தர் வரை எல்லாருடைய வண்டியும் நின்றது. நூலகத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள், திறந்தால் புத்தகம் அழுக்காகிவிடுமாம். ஆனால் நட்சத்திரம் இருந்தது. கல்லூரிச் சின்னத்திலும் விடைத்தாளின் தலைப்பிலும் கழிப்பறைக் கதவிலும்கூட அதன் படம் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் இன்றைய முதல்வர். அன்றைக்கு அவர் இயற்பியல் துறைத் தலைவர். மொட்டை மாடியில் புதுத் தொலைநோக்கியைத் திறந்து வைக்கப் பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், வானமோ மேகம் மூடிக் கிடந்தது. அவர் குழாயை அப்படியும் இப்படியும் திருப்பி, வியர்த்து விறுவிறுத்து, கடைசியில் அடிவானத்துக்குச் சற்று மேலே நீலவெள்ளையாக ஒரு புள்ளியைப் பிடித்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அங்கேயே அதற்கு 'நிறுவனர் விண்மீன்' என்று பெயர் வைத்தார்கள். மேகத்துக்கு நடுவே அது மட்டும் எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம்.

ஆண்டுதோறும் கல்லூரி நாளில் முதல்வர் அதைப் பற்றிப் பேசுவார்.

"மத்த நட்சத்திரமெல்லாம் என்ன பண்ணுது? ஒரு பக்கம் உதிக்குது, இன்னொரு பக்கம் போய் மறையுது. ஒரு இடத்துல நிலையா நிக்கிற பழக்கமே கிடையாது. நம்ம நட்சத்திரம் அப்படியா? ஒன்பது வருஷமா வச்ச இடத்துல நிக்குது. மழை பெய்ஞ்சா மத்ததெல்லாம் ஓடி ஒளிஞ்சுக்கும், இது மழையிலயும் கடமையைச் செய்யும். நம்ம ஊழியர்கள் இதைப் பார்த்துக் கத்துக்கணும்."

ஊழியர்கள் கைதட்டுவார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நம்ம தற்காலிகமும் கைதட்டுவார்.

தற்காலிகம் என்பது அவருடைய பெயரல்ல, பதவி. இயற்பியல் துறையின் தற்காலிக விரிவுரையாளர். அடுத்த வருடம் நிரந்தரம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஏழு வருடமாக அந்த அடுத்த வருடம் வரவில்லை. கூப்பிடக் கூப்பிட அந்தப் பட்டம் மட்டும் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. தற்காலிக ஊழியர்களுக்கு மொட்டை மாடிச் சாவி கிடையாது என்பது விதி. ஆகவே அவர் அந்த நட்சத்திரத்தைப் படத்தில்தான் பார்த்திருந்தார். அதைப் பற்றி வகுப்பு எடுப்பதற்குப் படம் போதும் என்று நிர்வாகம் கருதியது.

வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்தால் வானவில் போல ஒரு பட்டை கிடைக்கும். அந்தப் பட்டையில் அங்கங்கே கறுப்பாகக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு பொருளும் தன் கோட்டைத் தனக்கான இடத்தில்தான் போடும், கைரேகை மாதிரி. கோடுகளின் இடத்தை அளந்தால் அந்த நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது, கோடு சற்றுத் தள்ளி விழுந்திருந்தால் அது நம்மை விட்டு விலகிப் போகிறதா, கிட்டே வருகிறதா என்று சொல்லிவிடலாம். இந்தக் கல்லூரியில் யாரும் எதையும் அளக்கவில்லை. முதல்வர் எழுதிய செய்முறை வழிகாட்டியில் வரைபடம் இருந்தது. மாணவர்கள் அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்து, அப்படியே நகலெடுப்பார்கள். கை நடுங்காதவர்களுக்கு முழு மதிப்பெண். விடையும் அதிலேயே அச்சாகியிருந்தது: ஹைட்ரஜன் நிறைந்த விண்மீன், நொடிக்கு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்கிறது. அவ்வளவு வேகமாக ஓடுவது எப்படி ஒன்பது வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது என்று தற்காலிகத்துக்கு எப்போதாவது தோன்றும். நமக்கெதற்கு வம்பு என்று விட்டுவிடுவார்.

வம்பு சுற்றறிக்கை வடிவத்தில் வந்தது. எல்லாத் துறைகளும் கணினி வழிக் கற்றலை உடனே தொடங்க வேண்டுமாம். துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி நாலு பிள்ளைங்கள உட்கார வச்சு, சிரிச்ச முகமா ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. போதும்."

பாவம், அவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு சின்ன மென்பொருளை, ஆய்வுக்கூடத்தில் உயிரோடிருந்த இரண்டு கணினிகளில் ஏற்றினார். படத்தைத் திறக்க வேண்டும், பட்டையின் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும், தெரிந்த இரண்டு கோடுகளின் இடத்தைச் சொல்ல வேண்டும். மிச்சத்தை அதுவே வரைந்துவிடும். "கோடு எங்க இருக்கோ அங்க புள்ளி வைங்க. நமக்கு எங்க வேணுமோ அங்க வைக்காதீங்க" என்று முதல் நாள் சொன்னார். போட்டோவுக்காகச் சிரிக்க வந்த பிள்ளைகள் மணி அடித்த பிறகும் எழுந்து போகவில்லை. தனக்கு இந்தப் பாடம் பிடிக்கும் என்பது அவருக்கே ஏழு வருடம் கழித்து அன்றுதான் நினைவுக்கு வந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அந்த வாரம் முழுக்கத் தாங்கியது.

அந்தக் கூட்டத்தில் ஒரு மாணவி. எதற்கும் கேள்வி கேட்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்குப் பெயரே கேள்வி. அப்பா பேருந்து நடத்துநர். வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வானியல் மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, இங்கே செய்முறைத் தேர்வில் தேறினால் போதும், தேறாவிட்டால் அந்த இடம் போய்விடும். அப்பாவின் வண்டியில் ஏறுகிற அத்தனை பேருக்கும் பயணச்சீட்டோடு இந்தச் செய்தியும் கிடைத்துக்கொண்டிருந்தது.

"சார், ஒரு நிமிஷம் இதைப் பாருங்களேன்" என்றாள் அவள். "மாடித் தொலைநோக்கியோட கேமரால இருந்த வேற ரெண்டு நட்சத்திரப் படத்தை முதல்ல போட்டேன். அழகா கறுப்புக் கோடு வந்துச்சு. அதே அளவை நம்ம நட்சத்திரத்துக்குப் போட்டா, எல்லாம் வெளிச்சக் கோடா வருது சார். ஹைட்ரஜனே இல்ல."

"அளவுல தப்பு விட்டிருப்பே. திரும்பச் செய்ம்மா."

"திரும்பத் திரும்பச் செஞ்சுட்டேன் சார். வழிகாட்டில நானூத்தி முப்பத்தி நாலு நானோமீட்டர்னு போட்டிருக்கிற கோடு நெஜமா நானூத்தி முப்பத்தாறுல இருக்கு. ரெண்டும் பக்கத்து பக்கத்து வீடு சார். தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டு, ஆள் வேகமா ஓடிட்டாருன்னு எழுதி வச்சிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இது கூட எது பொருந்துதுன்னு சாஃப்ட்வேரைக் கேட்டேன். பாதரச விளக்குன்னு சொல்லுது சார். தெரு விளக்கு."

அன்று மாலை தற்காலிகம், போட்டோ எடுக்க வேண்டும் என்று காரணம் சொல்லி மாடிச் சாவியை வாங்கினார். தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். நட்சத்திரம் தெரிந்தது. கண்ணை எடுத்துவிட்டு, குழாய் காட்டிய திசையில் வெறும் கண்ணால் பார்த்தார். இரண்டு தெரு தள்ளி உயரமாகக் குடிநீர்த் தொட்டி நின்றது. அதன்மேல் ஏற இரும்பு ஏணி. ஏணி முடிகிற இடத்தில் நிறுவனர் விண்மீன் எரிந்துகொண்டிருந்தது. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் தேர்வு நினைவுக்கு வந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள்.

"ரத்தத்துல இல்லாததை இருக்குன்னு எழுதினா எங்களைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க" என்றாள் அவள். "உங்க ஊர்ல அதுக்குப் பேர் வச்சு விழா எடுக்கிறாங்களா?"

"நான் என்ன பண்ணட்டும்?"

"அந்தப் பொண்ணை மாட்டி விட்டுடாதீங்க. அதை மட்டும் பாருங்க."

மறுநாள் துறைத் தலைவரிடம் போனார். தலைவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இலவச சாஃப்ட்வேர்னு சொல்றீங்க. சும்மா வர்ற உண்மையை எப்படிங்க நம்புறது?"

"சார், மாடியிலேர்ந்து பார்த்தா ஏணியே தெரியுது சார்."

தலைவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தெரியும். நானும் ஒரு நாள் இந்த ஜன்னல் வழியாப் பார்த்தேன். பார்த்த அன்னைக்கே கனமா ஒரு திரை வாங்கிப் போட்டுட்டேன். நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். ஒன்பது வருஷமா இதை எழுதிப் பட்டம் வாங்கினவங்க கதி என்ன? எல்லார் வீட்டுக்கும் போய்ப் பட்டத்தைத் திருப்பி வாங்கிட்டு வருவீங்களா? ஒரே ஒரு பொண்ணு சரியா எழுதினதுக்காக அத்தனை பேரையும் முட்டாளாக்கலாமா?"

தற்காலிகம் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். மென்பொருளைக் கொடுத்த நாளையே நொந்துகொண்டார். ஆனால் செய்தி முதல்வர் காதுக்குப் போய்விட்டது, அடுத்த வாரமே விண்மீன் மாண்புக் காப்புக் குழு அமைந்தது. வணிகவியல் பேராசிரியர், விடுதிக் காப்பாளர், உடற்கல்வி இயக்குநர் ஆகியோர் உறுப்பினர்கள், தலைவர் முதல்வரே. இயற்பியல் தெரிந்தவர்கள் இருந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று அந்தத் துறையிலிருந்து உறுப்பினர் எவரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

விசாரணைக்குக் கணினியையும் கொண்டு வரச் சொன்னார்கள். குற்றவாளியைப் போல அதை மேசை நடுவில் வைத்தார்கள். மின்இணைப்பு கொடுக்கவில்லை.

உடற்கல்வி இயக்குநர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இந்த சாஃப்ட்வேரை எழுதினவனுக்கு நம்ம கல்லூரி மேல ஏதாவது கோபம் இருக்கா?"

"அவருக்கு நம்ம கல்லூரியே தெரியாதுங்க" என்றார் தற்காலிகம்.

"பார்த்தீங்களா, நம்மளைத் தெரியாதவன் நம்ம நட்சத்திரத்தைப் பத்திச் சொல்றான்."

விடுதிக் காப்பாளருக்கு வேறு கவலை. "பாதரசம்னா விஷம். விடுதிப் பிள்ளைங்க குடிக்கிற தண்ணித் தொட்டி மேல விஷம் எரியுதுன்னு வெளிய போச்சுன்னா, பெத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா? அதனால அது நட்சத்திரமா இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது."

கேள்வியை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவள் தன் வரைபடத்தை நீட்டினாள். யாரும் வாங்கவில்லை.

"ஐயா, மாடிக்கு வந்து ஒரு தடவை பார்த்தீங்கன்னா போதும்" என்றாள்.

"கமிட்டி உறுப்பினர்கள் நேர்ல பார்த்தா, பார்த்ததை நம்ப ஆரம்பிச்சுடுவாங்க" என்றார் வணிகவியல் பேராசிரியர். "அப்புறம் விசாரணை எதுக்கு?"

முதல்வர் கடைசியில் பேசினார். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "அன்னைக்கு நான் அதுக்குப் பேர் வச்சப்ப மாடி முழுக்கக் கைதட்டினாங்கம்மா. நீ அப்ப சின்னப் பிள்ளை. அத்தனை பேர் தட்டின கை பொய்யா? அறிவியல்னா என்ன? எல்லாரும் ஒத்துக்கிறதுதானே? எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."

தேர்வில் வழிகாட்டியில் உள்ளபடி எழுதினால் மட்டுமே அவள் தேர்ச்சி பெறுவாள் என்று தீர்மானமாயிற்று. மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் பாடம் எடுத்த தற்காலிகம். "உங்க நிரந்தரம் விஷயத்தையும் இந்த வருஷம் பரிசீலிக்கிறோம்" என்று முதல்வர் எழுந்து போகும்போது அவர் தோளைத் தட்டினார். கனமான கை.

தேர்வு நெருங்கும் சமயத்தில் நட்சத்திரம் அணைந்துவிட்டது.

ஒரு மாலை எரிந்தது, மறு மாலை எரியவில்லை. கல்லூரி கதி கலங்கியது. வெளியூர்த் தேர்வாளர் வருகிறார், காட்ட நட்சத்திரம் இல்லை. தற்காலிகம் வினாத்தாளோடு முதல்வர் அறைக்குள் போனபோது அவர் தொலைபேசியில் இருந்தார்.

"குடிநீர் வாரியமா? எங்க நட்சத்திரம் ரெண்டு நாளா எரியலைங்க. ஆமாங்க, தொட்டி மேல இருக்கிறதுதான். ஒரு ஆளை அனுப்பி வைங்க. தேர்வு வருது, கொஞ்சம் சீக்கிரம்."

ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். தற்காலிகம் நிற்பதைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

"பார்த்தீங்களா? ஒரு நட்சத்திரத்தைப் பராமரிக்க நான் என்ன பாடுபடுறேன்னு. உங்களுக்கெல்லாம் குறை சொல்லத்தான் தெரியும்."

மின்பணியாளர் வந்தார், ஏணியில் ஏறினார், பழைய விளக்கைக் கழற்றினார். அந்த வகை இப்போது வருவதில்லை என்று சொல்லி, எல்இடி ஒன்றை மாட்டிவிட்டு இறங்கினார். அன்று மாலை நிறுவனர் விண்மீன் பளீரென்று வெள்ளையாக எரிந்தது. மென்பொருளில் போட்டுப் பார்த்தால் பழைய கோடுகள் ஒன்றுகூட இல்லை, நீலத்தில் ஒரு மேடும் அதையடுத்து ஒரு அகலமான குன்றும் மட்டும் இருந்தன. குழு உடனே கூடியது. விண்மீன் முதிர்ச்சியடைந்துவிட்டது என்று அறிவித்தது. முதிர்ச்சியடைந்த விண்மீனில் கோடுகள் கரைந்துவிடும் என்று ஒரு பக்கம் அச்சடித்து, எல்லா வழிகாட்டியிலும் பசை தடவி ஒட்டினார்கள். உலகத்திலேயே ஒரு கல்லூரியின் கண்காணிப்பில் பக்குவப்பட்ட முதல் விண்மீன் இதுதான் என்று வாயிலில் பலகையும் வைத்தார்கள்.

தற்காலிகத்துக்கு அதிலும் ஒரு நப்பாசை வந்தது. வழிகாட்டியே மாறிவிட்டது, இனி அந்தப் பெண்ணை விட்டுவிடுவார்கள். துறைத் தலைவரிடம் கேட்டார்.

"எப்படிங்க விட முடியும்?" என்றார் தலைவர். "பாதரசம் இருக்குன்னு எழுதியிருக்கா. இப்பப் பார்த்தா பாதரசமே இல்லை. அவ எழுதினது தப்புன்னு இப்பத்தான் அறிவியல்பூர்வமா நிரூபணமாயிருக்கு."

தற்காலிகம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கேள்வி தனியாக உட்கார்ந்து புது வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"பக்கத்தை ஒட்டிட்டாங்க, பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் சார். பசை இன்னும் காயல."

"அதையே எழுதிடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கோடு எங்க இருக்கோ அங்க புள்ளி வைக்கணும்னு நீங்கதான சார் முதல் நாள் சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன். இதையும் நான்தான் சொல்றேன். உங்க அப்பா பஸ் பூராச் சொல்லி வச்சிருக்காரு. ஒரு நாள் இதை எழுதிட்டுப் போயிட்டா, அங்க போய் வாழ்க்கை பூரா நெஜ நட்சத்திரமாப் பார்க்கலாம். இங்க நின்னு சண்டை போட்டேன்னா தொட்டிதாம்மா மிச்சம்."

சொன்னது சரிதான் என்று அவர் மனம் சொன்னது. ஆனாலும் உள்ளுக்குள் கூசியது. அவளுக்காகச் சொல்கிறோமா, பரிசீலனையில் இருக்கிற நிரந்தரத்துக்காகச் சொல்கிறோமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"சரி சார்" என்றாள் கேள்வி. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

தேர்வன்று மாலை மழை கொட்டியது. வெளியூர்த் தேர்வாளர் குடையும் ஈரக் கால்சட்டையுமாக வந்தார். மொட்டை மாடியில் தகரக் கூரைக்கு அடியில் தொலைநோக்கி காத்திருந்தது. ஒவ்வொருவராகப் படம் எடுத்து, வரைந்து, விடை எழுதினார்கள். கேள்வி எல்லாரையும்விடச் சுத்தமாக எழுதினாள். தற்காலிகம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். ஒட்டிய பக்கத்தில் இருந்தது ஒரு வார்த்தை பிசகாமல் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். முதல்வரும் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இவ்வளவு மழையில இது மட்டும் எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டார் தேர்வாளர்.

கூரையின் ஓரத்தில் நின்ற தற்காலிகம் நிமிர்ந்தார். இவர் ஒருவர் கேட்டுவிட்டார். இனி அவள் சொன்னால் போதும். சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது, சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது.

"எங்க நட்சத்திரம் வானிலையை நம்பி இல்லைங்க ஐயா" என்றாள் கேள்வி. "மழையிலயும் கடமையைச் செய்யும்."

"ஏன் நகர மாட்டேங்குது?"

"நிலையா நிக்கிற பழக்கம்ங்க ஐயா."

"கோடுகளையெல்லாம் காணோமே?"

"பக்குவப்பட்டா கோடு கரைஞ்சிடும்ங்க."

தேர்வாளர் முதல்வர் பக்கம் திரும்பினார். "எங்க கல்லூரியில மழை வந்தா தேர்வைத் தள்ளி வச்சுட்டு முழிக்கிறோம். எங்களுக்கும் இந்த மாதிரி ஒண்ணு ஏற்பாடு பண்ண முடியுமா?"

"பேசலாம்" என்றார் முதல்வர். "தொட்டி இருக்கா உங்க பக்கம்?"

"ரெண்டு இருக்கு."

"அப்ப கவலையே இல்லை."

தேர்வாளர் மகிழ்ந்துபோய்க் கேள்வியிடம் திரும்பினார். "தெளிவாச் சொல்றியேம்மா. யார் சொல்லிக் குடுத்தாங்க உனக்கு இதெல்லாம்?"

அவள் திரும்பி, கூரையின் ஓரத்தில் நின்றவரைக் காட்டினாள். கேலி இல்லை, கோபமும் இல்லை.

"சார்தான் சொல்லிக் குடுத்தார்."

எல்லாரும் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஏழு வருடத்தில் அவருக்காக அங்கே யாரும் கைதட்டியதில்லை. மதிப்பெண் தாளை நீட்டினார்கள். முழு மதிப்பெண். அவர் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை, அதுவே அவருக்கு அவமானமாக இருந்தது.

பெரியவர்கள் இறங்கிப் போனார்கள். கேள்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினாள்.

"நீ பாஸாயிட்டேம்மா. அப்பாகிட்டப் போய்ச் சொல்லு" என்றார் தற்காலிகம். "அங்க போய் நல்லாப் படி."

அவள் மழைக்குள் தெரிகிற அந்த வெள்ளைப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்கயும் இப்படி ஒரு நட்சத்திரம் இருக்குமா சார்?"

பதில் வரும் என்று அவள் நின்றாள். அவர் தொலைநோக்கிக்கு உறை மாட்டுவது போல நேரம் கடத்தினார். பிறகு அவள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது, கீழ்ப்படி வரை கேட்டது.